காதலுக்குக் குறுக்கே நிற்கும் குரல்: பாரிட்டோன் என்றால் யார்?

முழுக்கப் பாட்டாலேயே நடக்கும் மேற்கத்திய நாடகமான ஓபராவில் காதலிப்பவன் பெரும்பாலும் டெனர் என்னும் உயர்ந்த ஆண் குரல். காதலிக்கப்படுபவள் சொப்ரானோ என்னும் உயர்ந்த பெண் குரல். இருவருக்கும் நடுவே வந்து நிற்பவன் பாரிட்டோன். அவன் தந்தையாக இருப்பான், கணவனாக இருப்பான், பொறாமையில் வேகும் பிரபுவாக இருப்பான், சில கதைகளில் உயிர் கொடுக்கும் நண்பனாகவும் இருப்பான். இந்தக் கலைக்குப் புதிதாக வருகிறவர்கள் பாரிட்டோனை இரண்டாம் இடத்துப் பாடகன் என்றே எண்ணிவிடுகிறார்கள். நானும் சில காலம் அப்படித்தான் எண்ணியிருந்தேன். சைபீரியாவிலிருந்து வந்த திமித்ரி ஹ்வொரொஸ்தோவ்ஸ்கியைக் கேட்ட பிறகு அந்த எண்ணம் என்னை விட்டுப் போய்விட்டது. பாரிட்டோன் என்பது எப்படிப்பட்ட குரல், அந்தக் குரலை நம்பி ஒருவர் வாழ்நாள் முழுவதும் எப்படித் தொழில் செய்கிறார் என்பதை அவருடைய வாழ்க்கையை வைத்தே சொல்லிப் பார்க்கிறேன்.

முதலில் குரல். மேற்கத்திய இசை ஆண் குரல்களை மூன்று பெரும் வகைகளாகப் பிரிக்கிறது. மேலே இருப்பது டெனர். அடியில் இருப்பது பாஸ். இரண்டுக்கும் இடையில் இருப்பது பாரிட்டோன். கனத்த ஒலி என்னும் பொருள் கொண்ட கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர் இது. ஆண்களில் மிகப் பலருக்கு இயற்கையாக அமைவது இந்த நடுக்குரல்தான். ஒரு பாரிட்டோன் மேடையில் பாட வேண்டிய சுரங்களின் அடிப்படை அதிர்வெண் ஏறத்தாழ 100 ஹெர்ட்ஸில் தொடங்கி 400 ஹெர்ட்ஸுக்குப் பக்கத்தில் முடியும்.

கர்நாடக இசை கேட்டுப் பழகிய காதுக்கு இந்தப் பிரிவினை கொஞ்சம் புதிராகத்தான் இருக்கும். நம் பாடகர் ஒரு கட்டையிலோ ஐந்து கட்டையிலோ தனக்கு வசதியான சுருதியை வைத்துக்கொள்கிறார். பாட்டு அவரிடம் இறங்கி வருகிறது. ஓபராவில் அந்தச் சலுகை கிடையாது. இசையமைப்பாளர் எந்தச் சுருதியில் எழுதினாரோ, ஆர்கெஸ்ட்ராவின் அத்தனை கருவிகளும் அதே சுருதியில்தான் வாசிக்கும். பாடகர் அங்கே ஏறிப் போய்ப் பாட வேண்டும். ஆகவே யாருக்கு எந்தக் குரல் என்பது ரசனையை ஒட்டிய கேள்வி அன்று. எந்தப் பாத்திரத்தை ஏற்கலாம், எதைத் தொடவே கூடாது என்பதை அதுதான் தீர்மானிக்கிறது.

இதில் எளிதாக ஏமாந்துபோகும் இடம் ஒன்று உண்டு. ஒரு பாடகர் எட்டக்கூடிய மிக உயர்ந்த சுரத்தை வைத்து அவருடைய குரல்வகையை முடிவு செய்துவிட முடியாது. நல்ல பாரிட்டோன்கள் சிலர் டெனருக்குரிய உச்சங்களைத் தொட்டுவிட்டு வரக்கூடியவர்கள். தொட்டுவிட்டு வருவது வேறு, அங்கேயே குடியிருப்பது வேறு. மூன்று மணி நேர நாடகத்தில் குரல் பெரும்பாலான நேரம் எந்த உயரத்தில் தங்கியிருக்கிறது என்பதற்கு இத்தாலியர்கள் தெஸ்ஸித்தூரா என்று பெயர் வைத்திருக்கிறார்கள். குரலின் குடியிருப்பு என்று சொல்லிக்கொள்ளலாம். அதோடு குரலின் நிறத்தையும், எந்தச் சுரத்தில் அது தன் பிடியை மாற்றிக்கொள்கிறது என்பதையும் ஆசிரியர்கள் காதுகொடுத்துக் கேட்பார்கள். தவறாக வகைப்படுத்தப்பட்ட மாணவனின் குரல் சில ஆண்டுகளிலேயே களைத்துப்போகும்.

இன்று நாம் பாரிட்டோன் என்று சொல்லும் குரலுக்கு ஓபராவில் தனி இருக்கை போட்டுக் கொடுத்தவர் என்று ஒருவரைச் சொல்ல வேண்டுமானால் இத்தாலிய இசையமைப்பாளர் ஜூசெப்பே வெர்டியைச் சொல்வேன். மோட்ஸார்ட்டின் காலத்தில் டெனர் அல்லாத ஆண் குரல்களைப் பொதுவாகப் பாஸ் என்றே குறித்தார்கள். அவருடைய டான் ஜோவான்னி நாடகத்தின் நாயக வேடம் கூட அந்தக் கணக்கில்தான் இருந்தது. வெர்டி அந்தக் குரலை மேலே தள்ளினார். நடு சி-க்கு மேலே இருக்கும் ஈ, எஃப், ஜி என்ற சுரங்களில் திரும்பத் திரும்ப, அதுவும் முழு வேகத்தோடு நிற்கச் சொன்னார். 1842-இல் நபுக்கோ, 1847-இல் மக்பெத், 1851-இல் வெனிஸ் நகரின் லா ஃபெனீச்சே அரங்கில் ரிகொலெட்டோ. இந்த மூன்று நாடகங்களிலும் பெயர்ப் பாத்திரமே பாரிட்டோனுக்குரியது. ரிகொலெட்டோவில் மகளை இழக்கப்போகும் ஒரு கூனன், அரசவைக் கோமாளி, நாடகத்தின் நடுநாயகனாக வந்து நின்றான். காதலனின் குரலில் இல்லாத ஒன்றை வெர்டி இந்த நடுக்குரலில் கண்டுகொண்டார் என்றே எனக்குத் தோன்றுகிறது. வயது, குற்ற உணர்வு, கைவிட்டுப் போனதைப் பற்றிய ஏக்கம் எல்லாம் அதில் இயல்பாகவே ஏறி உட்கார்ந்துகொள்கின்றன.

ஒலிபெருக்கி இல்லை என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். நியூயார்க் மெட்ரோபாலிட்டன் ஓபரா அரங்கில் ஏறத்தாழ 3,800 இருக்கைகள். பாடகருக்கும் ரசிகருக்கும் நடுவே, மேடைக்கு முன்னால் தாழ்ந்திருக்கும் குழியில் முழு ஆர்கெஸ்ட்ரா. அத்தனை வயலின்களையும் கொம்புகளையும் தாண்டித் தனி மனிதக் குரல் கடைசி வரிசைக்கு எப்படிப் போய்ச் சேருகிறது? சத்தம் போட்டு அன்று. ஆர்கெஸ்ட்ராவின் ஒலியாற்றல் 500 ஹெர்ட்ஸ் சுற்றுவட்டாரத்தில்தான் அதிகம் குவிகிறது. அதற்கு மேலே போகப்போக அது இளைத்துவிடும். பயிற்சி பெற்ற பாடகர் குரல்வளையைத் தாழ்த்தி, அதற்குச் சற்று மேலுள்ள குழலைக் குறுக்கி, 3,000 ஹெர்ட்ஸை ஒட்டிய பகுதியில் தன் குரலுக்கு ஓர் ஒளிர்வை உண்டாக்கிக்கொள்கிறார். ஸ்வீடன் நாட்டு ஆய்வாளர் யோஹான் சுன்ட்பெர்க் இதை விரிவாக அளந்து விளக்கினார். மனிதக் காது மிகக் கூர்மையாகக் கேட்கும் பகுதியும் கிட்டத்தட்ட அதுதான். கூட்டத்தின் தலைகளுக்கு மேலே விளக்கைத் தூக்கிப் பிடிப்பதைப் போன்ற வேலை இது. இந்த ஒளிர்வு அமைவதற்கே ஆண்டுக்கணக்கில் ஆகும்.

இனி அந்த மனிதரிடம் வருகிறேன்.

ஹ்வொரொஸ்தோவ்ஸ்கி 1962 அக்டோபர் 16 அன்று யெனிசெய் ஆற்றங்கரை நகரமான கிராஸ்நோயார்ஸ்கில் பிறந்தார். தந்தை பொறியாளர், ஆனால் பாட்டின் மீது தீராத ஆசை கொண்டவர். வீட்டில் இசைத்தட்டுகள் இருந்தன. பையன் இளம் வயதில் ராக் குழுவொன்றிலும் பாடியிருக்கிறான். பிறகு அந்த ஊர்க் கலைக் கல்லூரியில் யெக்காதெரினா இயோஃபெல் என்ற ஆசிரியரிடம் போய்ச் சேர்ந்தான். மாஸ்கோவோ லெனின்கிராடோ இல்லை, மிலான் இல்லை. சைபீரியாவின் நடுவில் இருந்த ஓர் ஊரில், ஒரு நல்ல ஆசிரியரிடம் கற்றதே அவருக்கு உலகம் முழுவதற்கும் போதுமானதாக இருந்தது.

அவருடைய பாட்டில் எல்லோரும் முதலில் கவனிப்பது மூச்சை. இன்னொருவர் இரண்டு இடங்களில் மூச்சு வாங்கும் வாக்கியத்தை அவர் ஒரே மூச்சில் கொண்டுபோய்ச் சேர்ப்பார். நுரையீரல் பெரிதாக இருந்தால் மட்டும் இது கைகூடாது. உள்ளே போன காற்றை வெளியே விடாமல் பிடித்துவைப்பதில்தான் வித்தை இருக்கிறது. விலா எலும்புகள் விரிந்த நிலையிலேயே நிற்க, வயிற்றுத் தசைகளும் உதரவிதானமும் ஒன்றை ஒன்று எதிர்த்து நிற்க, குரல்நாண்களுக்குத் தேவையான அளவு காற்று மட்டும் மேலே போக வேண்டும். இத்தாலியர்கள் இதை அப்போஜ்ஜோ என்பார்கள். சாய்ந்துகொள்ளுதல் என்று பொருள். குரல் மூச்சின் மேல் சாய்ந்துகொள்கிறது. நீண்ட வாக்கியத்துக்கு முன்னால் அவர் மூச்சை இழுக்கும் ஓசை அரங்கிலேயே கேட்கும் என்று விமர்சகர்கள் சிலர் குறை சொன்னார்கள். எனக்கு அந்த ஓசை பிடிக்கும். முத்துக்குளிப்பவன் நீரில் மூழ்குவதற்கு முந்தைய நொடி போல இருக்கும். அடுத்து நாம் எங்கே போகப்போகிறோம் என்று காத்திருக்க வைக்கும்.

கிராஸ்நோயார்ஸ்க் ஓபரா அரங்கில் அவர் ஏற்ற முதல் வேடம் ரிகொலெட்டோவில். பெயர்ப் பாத்திரம் அன்று. மருல்லோ என்ற அரசவைக்காரன். கோமாளியைக் கேலி செய்து, அவன் மகளைத் தூக்கிக்கொண்டு போகும் கும்பலில் ஒருவன். தனிப்பாடல் கிடையாது, சில வரிகள்தான். ஓபராத் தொழிலில் நுழைகிறவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் நுழைகிறார்கள். சிறு வேடத்தில் நின்றுகொண்டு, பெரிய வேடத்தைப் பாடுகிறவர் எப்படித் தாக்குப்பிடிக்கிறார் என்று இரவு தோறும் பக்கத்திலிருந்து பார்ப்பது எந்த வகுப்பறையிலும் கிடைக்காத பாடம்.

1988-இல் பிரான்ஸின் துலூஸ் நகரப் போட்டியில் முதல் பரிசு பெற்றார். அடுத்த ஆண்டு வேல்ஸ் நாட்டுத் தலைநகர் கார்டிஃபில், உலகப் பாடகர் போட்டி. பிபிசி ஒளிபரப்பும் அந்தப் போட்டி இளம் பாடகர்களை ஒரே வாரத்தில் உலகத்துக்கு அறிமுகப்படுத்திவிடும் வல்லமை கொண்டது. 1989 போட்டியைப் பாரிட்டோன்களின் போர் என்று இன்றும் சொல்கிறார்கள். ஒரு பக்கம் சைபீரியாவிலிருந்து வந்த 26 வயது அறிமுகமில்லாத இளைஞர். மறுபக்கம் சொந்த மண்ணின் பிள்ளையான பிரின் டெர்ஃபெல். இறுதிச் சுற்றில் ஹ்வொரொஸ்தோவ்ஸ்கி வெர்டியின் டான் கார்லோவிலிருந்து, சிறையில் குண்டடி பட்டுச் சாகும் ரொத்ரிகோவின் பாடலைப் பாடினார். நண்பனுக்காக உயிரை விடுகிறவனின் பாட்டு. முதற்பரிசு அவருக்கு, நாடகம் இல்லாமல் பியானோவோடு பாடும் பாடல்களுக்கான தனிப்பாடல் பரிசு டெர்ஃபெலுக்கு. இருவருமே பிறகு உலகின் பெரிய அரங்குகளை நிறைத்தார்கள். இருவரின் குரல்களையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பார்க்கும்படி புதிதாகக் கேட்பவர்களிடம் நான் எப்போதும் சொல்வேன். டெர்ஃபெலின் குரல் இன்னும் தாழ்ந்து பாஸ் பக்கம் சாயும், சொற்களைக் கடித்துப் பேசும். ஹ்வொரொஸ்தோவ்ஸ்கியின் குரல் வெல்வெட்டை இழுத்துக்கொண்டே போவது போல அறுபடாமல் ஓடும். பாரிட்டோன் என்ற ஒரே சொல்லுக்குள் எவ்வளவு இடம் இருக்கிறது என்பது ஐந்தே நிமிடத்தில் விளங்கிவிடும்.

போட்டியில் வென்ற பிறகுதான் தொழிலின் கடினமான பகுதி தொடங்குகிறது. எல்லா அரங்குகளும் ஒரே நேரத்தில் அழைக்கும். பெரிய அரங்குகள் பல ஆண்டுகளுக்கு முன்பே ஒப்பந்தம் போடுகின்றன. நான்கு ஆண்டு கழித்துத் தன் குரல் எந்த நிலையில் இருக்கும் என்று ஊகித்துக்கொண்டு இன்றைக்குக் கையெழுத்துப் போட வேண்டும். விருந்தினராகப் பாடும் பாடகருக்குப் பாடிய இரவுக்குத்தான் சம்பளம். தொண்டை கட்டி வீட்டில் படுத்தால் ஒன்றும் கிடையாது. இந்த நெருக்கடியில்தான் பலர் தங்கள் வயதுக்கு மீறிய வேடங்களை ஏற்று, முப்பத்தைந்துக்குள் குரலைத் தொலைத்துவிடுகிறார்கள். பாரிட்டோன் குரல் மெதுவாகப் பழுப்பது. இருபதுகளில் அதன் அடிப்பகுதி இன்னும் திறந்திருக்காது. முப்பதுகளின் நடுவிலோ நாற்பதை ஒட்டியோதான் முழு நிறம் வரும். மாங்காயைப் பறித்துப் புகை போட்டுப் பழுக்கவைப்பது போல இதை அவசரப்படுத்த முடியாது.

அவர் எடுத்த வேடங்களின் வரிசையைப் பாருங்கள். மேற்கு ஐரோப்பாவில் முதல் ஓபரா 1989-இல் நீஸ் நகரில், ரஷ்ய இசையமைப்பாளர் சைகோவ்ஸ்கியின் இஸ்பேட் ராணி. 1995-இல் மெட்ரோபாலிட்டனில் முதல் முறை மேடை ஏறியதும் அதே நாடகத்தில், அதே இளவரசர் யெலெட்ஸ்கி வேடத்தில்தான். மிகச் சிறிய வேடம். லீஸாவுக்கு நிச்சயிக்கப்பட்ட கணவர் அவர், ஆனால் அவள் மனமோ டெனரான ஹெர்மனிடம் போய்விட்டது. அவருக்கு என்று இருப்பது ஒரே ஒரு பெரிய பாடல். உன் துயரத்தை என்னிடம் நம்பிச் சொல் என்று அவளிடம் மன்றாடும் பாடல். அந்த ஒற்றைப் பாடலுக்குத் தேவையானது நீண்ட மூச்சும் அமைதியும். இரண்டும் அவரிடம் நிறையவே இருந்தன. உலகின் மிகப் பெரிய அரங்கொன்றில் நுழைய நாயக வேடத்துக்காக அடம்பிடிக்காமல் இந்தச் சிறு வாசலைத் தேர்ந்துகொண்டதை நான் பெரிய புத்திசாலித்தனமாகக் கருதுகிறேன். (கதையின் முடிவில் சூதாட்ட மேசையில் ஹெர்மனுக்கு எதிராக உட்காருகிறவரும் இதே யெலெட்ஸ்கிதான். டெனர் பாடகன் அங்கே எல்லாவற்றையும் இழக்கிறான்.)

அவருடைய பெயரோடு ஒட்டிப்போன வேடம் யெவ்கெனி ஒனேகின். சைகோவ்ஸ்கி பாரிட்டோனுக்குக் கொடுத்த நாயகன். கிராமத்துப் பெண் தத்தியானா எழுதிய காதல் கடிதத்தை ஏற்காமல் அவளுக்கு உபதேசம் செய்கிறான். நண்பனை, டெனரான லென்ஸ்கியை, துப்பாக்கிச் சண்டையில் கொல்கிறான். ஆண்டுகள் கழித்து, வேறொருவரின் மனைவியாக அவளைப் பார்த்ததும் காதல் பற்றிக்கொள்கிறது. அப்போது அவன் பாடும் மெட்டு முன்பு தத்தியானா அந்தக் கடிதத்தை எழுதிய இரவில் பாடிய மெட்டு! அவளிடம் அவன் நிராகரித்த அதே இசை அவன் தொண்டைக்கு வந்து சேர்கிறது. 2007 பிப்ரவரியில் ரெனே ஃபிளெமிங் தத்தியானாவாகவும் இவர் ஒனேகினாகவும் மெட்ரோபாலிட்டனில் பாட, வலேரி கெர்கியேவ் ஆர்கெஸ்ட்ராவை நடத்தினார். மெட்ரோபாலிட்டன் தன் நாடகங்களைத் திரையரங்குகளுக்கு நேரடியாக ஒளிபரப்பத் தொடங்கிய முதல் பருவம் அது. முதல் காட்சியின் கர்வத்தையும் கடைசிக் காட்சியின் நடுக்கத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேட்க விரும்புகிறவர்கள் அந்தப் பதிவில் தொடங்கலாம். ஓபராவை முதல் முறை கேட்பவர்களுக்கு அதைவிட நல்ல வாசல் எனக்குத் தெரியவில்லை.

பாரிட்டோனின் தொழிலில் ஒரு விந்தை உண்டு. டெனர் வயதாகியும் இளைஞனாகவே நடிக்க வேண்டியிருக்கும். பாரிட்டோன் இளைஞனாக இருக்கும்போதே கிழவனாகத் தொடங்கிவிடுகிறான். 1993-இல் சிகாகோவில் அவர் முதன்முதலாக அமெரிக்க ஓபரா மேடையில் பாடியது வெர்டியின் லா திராவியாத்தாவில் ஜெர்மோன் வேடம். வளர்ந்த மகனுக்குத் தந்தை. பாடியவருக்கு வயது முப்பதைத் தொட்டுக் கொஞ்சம்தான் ஆகியிருந்தது. அதே ஜெர்மோனை 2012-இல் மெட்ரோபாலிட்டனில் மீண்டும் பாடினார், ஐம்பதை நெருங்கும் வயதில். இப்போது ஒப்பனைக்காரருக்கு வேலை குறைவு, தலை எப்போதோ வெள்ளியாகியிருந்தது. முன்பு அழகாகப் பாடிய தந்தையின் அறிவுரையில் இப்போது சுமை ஏறியிருந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் ஒவ்வொன்றாகச் சேர்ந்தன: த்ரோவத்தோரேயின் பிரபு தி லூனா, முகமூடி நடனத்தில் நண்பனால் ஏமாற்றப்பட்டதாக நம்பும் ரெனாத்தோ, 2011-இல் நியூயார்க்கில் சிமோன் பொக்கனேக்ரா. வெர்டியின் பெரிய வேடங்களுக்கு அவருடைய குரல் அளவில் போதாது என்று சொன்னவர்கள் உண்டு. அளவில் அவர்கள் சொன்னது பொய் இல்லை. ஆனால் அறுபடாத ஒரு நீண்ட கோட்டைக் கொண்டு, பெருங்குரல்கள் தரும் அதே பாரத்தை அவர் வேறு வழியில் தந்தார்.

ஓபராவுக்கு வெளியேயும் அவர் தன் ஊர்ப் பாட்டை விடவில்லை. ரஷ்யத் தனிப்பாடல்களையும், இரண்டாம் உலகப் போர்க்காலப் பாடல்களையும் நாடு நாடாகக் கொண்டு போனார். இசையமைப்பாளர் கியோர்கி ஸ்விரிதோவின் பாடல் தொகுதிகளை உலகம் கேட்டதில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. பாடகர்கள் பலர் தனிப்பாடல் கச்சேரியை ஓய்வு நாள் வேலையாக நடத்துவார்கள். அவர் அப்படி நடத்தவில்லை. ஒரு பியானோவோடு தனியாக நிற்கும்போது ஒளிந்துகொள்ள உடையும் இல்லை, அரங்க அமைப்பும் இல்லை. குரல் மட்டும்தான்.

2015 ஜூனில் மூளையில் கட்டி இருப்பதாக அறிவித்தார். குரலுக்குப் பழுதில்லை, உடம்பின் சமநிலைதான் தவறுகிறது என்றார்கள். லண்டனில் சிகிச்சை. செப்டம்பர் மாத இறுதியில் சிகிச்சைக்கு நடுவே நியூயார்க்குக்கு வந்து, த்ரோவத்தோரேயில் தி லூனாவாக மூன்று முறை பாடினார். அவர் மேடையில் தோன்றியதும் கைதட்டல் ஆர்கெஸ்ட்ராவை நிறுத்திவிட்டது. நாடகம் முடிந்து வணங்க வந்தபோது குழியிலிருந்த இசைக்கலைஞர்களே வெள்ளை ரோஜாக்களை மேடைக்கு எறிந்தார்கள். ரசிகர்கள் பூ எறிவது வழக்கம். வாசிப்பவர்கள் எறிவது அரிது. எந்த இடத்தில் ஒருவர் மூச்சு எடுப்பார் என்று கவனித்து வாசித்தே பழகியவர்கள் அவர்கள்.

2016 கோடையில் லிதுவேனியாவின் கௌனாஸ் நகரில் ரிகொலெட்டோ முழுவதையும் பதிவு செய்தார். அந்த டிசம்பரில், இனி முழு ஓபராக்களில் நடிக்க முடியாது என்று அறிவித்தார். 2017 ஜூனில் தோளில் அடிபட்ட கையோடு பிறந்த ஊரில் கச்சேரி செய்தார். நவம்பர் 22 அன்று லண்டனில், 55 வயதில் காலமானார். கிராஸ்நோயார்ஸ்க் ஓபரா அரங்கு இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

அவர் மறைவதற்கு ஆறு மாதம் முன்பு நடந்த ஒன்றைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. மெட்ரோபாலிட்டன் தன் இன்றைய கட்டடத்துக்குக் குடிவந்து ஐம்பது ஆண்டு ஆனதைக் கொண்டாட 2017 மே 7 அன்று ஒரு விழா நடத்தியது. நிகழ்ச்சி நிரலில் அவர் பெயர் இல்லை. திடீரென்று மேடைக்கு வந்தார். அரங்கம் எழுந்து நின்றது. அவர் பாட எடுத்துக்கொண்டது ரிகொலெட்டோவின் இரண்டாம் அங்கத்துப் பாடல். மகளைக் கடத்திய அரசவைக்காரர்களை முதலில் ஈனப் பிறவிகளே என்று வைகிறான் கோமாளி. கோபம் உடைகிறது, அழுகிறான். அழுதுகொண்டே கூட்டத்தில் ஒருவனை மட்டும் பெயர் சொல்லி அழைக்கிறான், நீ நல்ல மனம் கொண்டவனாயிற்றே, அவளை எங்கே ஒளித்துவைத்தார்கள் என்று நீயாவது சொல்லேன் என்று கெஞ்சுகிறான். அவன் அழைக்கும் அந்தப் பெயர் மருல்லோ.